வண்டிக்குப் போனவரின் பயணக் கார்டு

ஒரு கிரெடிட் கார்டுக்கு வருஷக் கட்டணம் மட்டும் பத்தாயிரம் ரூபாய், வரி தனி என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்று எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை. அந்தக் காசுக்கு ஒரு வெள்ளாடு வாங்கிக் கட்டியிருந்தால் குட்டியாவது போட்டிருக்கும். இவர் வாங்கி வந்தது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு அட்டை. அதோடு சேர்த்து என் பெயரிலும் ஒன்று, துணைக் கார்டாம்.

"இதுல செலவு பண்ணப் பண்ணப் பாயிண்ட் ஏறும் தங்கமணி. ஏறுனா ஃபிளைட்டுல பினாங்கு போலாம்" என்றார்.

"மொதல்ல ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பினாங்கை அப்பறம் பாக்கலாம்" என்றேன்.

எங்களுக்குத் திருச்செங்கோடு. இரண்டு போர்வெல் லாரி வைத்திருந்தார். எங்கள் ஊரில் 'வண்டி' என்றால் கார் இல்லை, பஸ் இல்லை, போர் போடுகிற லாரிதான். வருஷத்தில் எட்டு மாதம் வண்டியோடு சத்தீஸ்கர், மகாராஷ்டிரா என்று சுற்றுவார். வாசலில் யார் வந்து கேட்டாலும், போனில் யார் கூப்பிட்டாலும், இந்த வீட்டிலிருந்து முப்பத்தோரு வருஷமாக ஒரே பதில்தான் போகும். "வண்டிக்குப் போயிருக்காருங்க." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் வாய் அதைத்தான் சொல்லும்.

கார்டு வந்த முதல் வருஷம் முழுக்க டீசலை அதில் போட்டுத் தள்ளினார். வருஷக் கடைசியில்தான் டீசலுக்குப் பாயிண்ட் கிடையாது என்று தெரிந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை மனுஷனுக்கு. பிறகு புத்தி வந்து, தெரிந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் டயர், துளைபோடும் பிட், கம்ப்ரசர் ஆயில் என்று தன் கார்டிலேயே வாங்கிக் கொடுத்தார். அவர்கள் கையில் பணமாகக் கொடுத்துவிடுவார்கள். ஊரே தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த பாயிண்ட் அது. நாலு வருஷம் தொடாமல் வைத்திருந்து, போன மார்கழியில் ஒரு நாள் உட்கார்ந்து, ஆவணி மாதத்துக்குப் பினாங்கு போக இரண்டு டிக்கெட், ஓட்டல், வீட்டு வாசலுக்கே வரும் கார் எல்லாம் பாயிண்டிலேயே போட்டார்.

தை மாதம் சத்தீஸ்கரில் வண்டி பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆம்புலன்ஸில் கொண்டுவர ஒன்றரை நாள் ஆனது. பக்கத்து வீட்டுச் சரசுதான் வந்தவர்களுக்கெல்லாம் மூன்று நாள் சோறாக்கிப் போட்டாள். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். என்னைக் கட்டிக்கொண்டு அவள்தான் அழுதாள். எனக்கு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு சொட்டு வரவில்லை. இவள் என்ன கல்நெஞ்சக்காரி என்று அவர் பங்காளி வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய போன் அடித்தது. வங்கியிலிருந்து ரம்யா என்று ஒரு பெண். "சண்முகம் சார் இருக்காங்களா மேடம்?" என்றாள். கட்டின நாள் முதல் நான் வாயால் சொல்லாத பெயர் அது.

"வண்டிக்குப் போயிருக்காருங்க" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த மாதமும் கூப்பிட்டாள், அதே பதில். சித்திரையில் அவர் பிறந்த நாளன்று வங்கியிலிருந்து ஒரு கேக் வந்தது. மேலே சாக்லேட்டில் அவர் பெயர். "சாருதான் கையெழுத்துப் போடணும்" என்றான் கொண்டுவந்தவன். அவனுக்கும் அதே பதில். கேக்கை ஃபிரிட்ஜில் வைத்து, கெட்டுப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் செத்துப்போனவர், ஒரு வங்கிக் கம்ப்யூட்டரில் மட்டும் சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போனுக்குத் தினமும் நான் சார்ஜ் போட்டு வைத்தேன்.

ஆவணி பிறந்ததும் ரம்யா கூப்பிட்டாள். "மேடம், டிரிப் போய்ட்டு வாங்க. வர்ற வெள்ளிக்கிழமை கூப்பிடுறேன். கார்டு புதுப்பிக்கிற தேதி. வேணுமா வேணாமான்னு சார் ஒரு வார்த்தை சொல்லணும். இல்லேன்னா நீங்க சொல்லுங்க." கட்டணத்தைக் கட்டினால் அவர் இன்னும் ஒரு வருஷம் வண்டியில் இருப்பார். வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்று கேட்பாள். நான் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு வாரத்துக்குள் அதை வாயால் சொல்ல முடியுமா என்பதுதான் எனக்கு இருந்த கேள்வி. "அப்பா டிக்கெட்டையாவது கேன்சல் பண்ணும்மா" என்று கோயமுத்தூரிலிருந்து மகள் கெஞ்சினாள். அதற்கும் வங்கியில் காரணம் சொல்ல வேண்டுமே. இரண்டு டிக்கெட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கார் ஓட்டி வந்தவர் எடப்பாடிக்காரர், செல்வராசு என்று பெயர். கையில் சீட்டு வைத்திருந்தார். "ஏனுங்க்கா, சாரு வரலீங்களா? ரெண்டு பேருன்னு போட்டிருக்குதுங்."

"வண்டிக்குப் போயிருக்காருங்க. நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துருவாரு."

சரசு கேட்டுக்கொண்டுதான் நின்றாள். என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். வீட்டுச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முறுக்குப் பொட்டலத்தைக் கார் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

சங்ககிரி பக்கம் பாலம் வேலை நடக்கிறது என்று செல்வராசு எடப்பாடி வழியாக விட்டார். கார் கிளம்பிய உடனே கீங் கீங் என்று ஒரு சத்தம். பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று கார் கத்துகிறது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. கைப்பை என் மடியில் இருந்தது, முறுக்கும் என் மடியில்தான் இருந்தது.

"தூசி படிஞ்சா இப்படித்தானுங் கத்தும்" என்றார். நிறுத்தித் துணியால் துடைத்தார். கிளம்பினால் மறுபடியும் கீங் கீங்.

ஜலகண்டாபுரம் நெருங்கும்போது உச்சி வெயில். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு தறி, காது பழகிவிட்டால் சத்தம் இருப்பதே தெரியாது. திடீரென்று கரண்ட் போயிற்று. ஊர் மொத்தத் தறியும் ஒரே நொடியில் நின்றது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ரோட்டில் ஆள் இல்லை, வயக்காட்டில் ஆள் இல்லை, தூரத்தில் புழுதி மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அந்த அமைதியில் காருக்குள் அந்தச் சத்தம் மட்டும் கீங் கீங் என்று. செல்வராசு காரை ஓரம் கட்டிவிட்டு, பின்கதவைத் திறந்து, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"மாட்டியுட்டா சும்மா இருக்குமுங்" என்றார். சும்மாதான் இருந்தது. விமான நிலையம் வரை பெல்ட் மாட்டிய காலி சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

இந்தக் கார்டின் பெரிய பெருமையே லவுஞ்ச் என்பார் அவர். கார்டைத் தேய்த்தால் உள்ளே விடுவார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். போனேன். இட்லி ரப்பர் பந்து, சட்னி ஐஸ் மாதிரிக் குளிர்ச்சி. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டி இட்லியின் காலை இது கழுவ வேண்டும். ஓசிச் சோறு என்பதற்காகக் கோட்டுப் போட்ட மனிதர்கள் தட்டை மலைபோல் குவித்துக்கொண்டு போனார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இவ்வளவு அவசரம் பார்த்ததில்லை. "இதுக்கா பத்தாயிரம்?" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் திட்டினேன். எதிரில் இருந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

நான் பிடிவாதம் பிடித்ததால் மகள் இரண்டு டிக்கெட்டுக்கும் போனிலேயே செக்-இன் போட்டிருந்தாள். அதன் விளைவு விமானத்தில் ஏறியதும் தெரிந்தது. எல்லோரும் ஏறிவிட்டோம், கதவு மட்டும் சாத்தவில்லை. வெளியே மைக்கில் கூப்பிடுகிறார்கள். "பயணி சண்முகம். பயணி சண்முகம். இதுவே கடைசி அழைப்பு." மூன்று தடவை. ஒரு பையன் மாதிரி இருந்த ஊழியர் விமானத்துக்குள்ளேயே வந்து, இருக்கை இருக்கையாகப் பார்த்துக்கொண்டு என்னிடம் நின்றார். "பக்கத்து சீட் உங்க கணவரா? வருவாரா?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது. கடைசியாக இன்னொரு தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவரைப் பெயர் சொல்லி ஊரே கேட்கக் கூப்பிட்டும் அவர் வரவில்லை என்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

பினாங்கில் இறங்கி அவர் போனைப் போட்டதும் முதல் செய்தி. "சண்முகம், மலேசியாவுக்கு உங்களை வரவேற்கிறோம்." ஓட்டல் மேஜையில் அவர் பெயருக்கு ஒரு வாழ்த்து அட்டை, கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஜோடிச் செருப்பு, இரண்டு துண்டு, இரண்டு பல்துலக்கி. நான் என் பக்கத்துச் சாமானை மட்டும் தொட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் மேஜையில் இரண்டு டீக் கோப்பை. ஒன்று காலி. இன்னொன்றில் டீ நிறைய இருந்தது, ஆடை கட்டியிருந்தது. சர்க்கரை இல்லாத டீ. அவருக்குத்தான் சர்க்கரை வியாதி, எனக்கு இல்லை. நான்தான் போட்டிருப்பேன், வேறு யார்? ஆனால் போட்டது நினைவில் இல்லை. முப்பத்தோரு வருஷக் கை, தூக்கக் கலக்கத்தில் போட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு கழுவி வைத்தேன்.

ஊர் நல்ல ஊர். ஆனால் புளித்த மீன் குழம்பில் சேமியாவைப் போட்டுக் கொடுக்கிறார்கள், அதற்குப் பெயர் லக்சாவாம், வாயில் வைக்க முடியவில்லை. முட்டை போட்ட ஆப்பம் ஒன்று கிடைத்தது, அது பரவாயில்லை. முட்டையைப் பார்த்தால் நாமக்கல் பக்கத்துக்காரிக்குக் கை சும்மா இருக்குமா? ஆப்பக்காரரிடம் ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கனம் போதாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்தார்.

சுற்றிக் காட்ட ஓட்டலில் ஒரு கார் பிடித்துக் கொடுத்தார்கள். டிரைவர் குணா, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். தெருவுக்குத் தெரு ஓரத்தில் மெழுகுவத்தி, ஆரஞ்சுப் பழம், ஒரு கிண்ணம் சோறு. இடத்துக்கு இடம் காகிதம் எரிந்து சாம்பல் பறந்துகொண்டிருந்தது.

"இது சீனவங்களுக்கு ஏழாம் மாசம் அக்கா" என்றார் குணா. "செத்துப் போனவங்களுக்கு லீவு விட்டு வீட்டுக்கு அனுப்புற மாசம். மாசம் முடிஞ்சா எல்லாரும் திரும்பிப் போயிடணும்."

நல்ல மாதம் பார்த்துத்தான் டிக்கெட் போட்டிருக்கிறார் மனுஷன் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் ஒரு சீனக் கோயில் முன்னால் மேடை போட்டுக் கூத்து நடந்தது. குணா காரை நிறுத்த இடம் தேடிப் போனார். நல்ல கூட்டம், பின்னால் நிற்கக்கூட இடம் இல்லை. ஆனால் முன்வரிசை முழுக்கச் சிவப்பு நாற்காலி காலியாகக் கிடந்தது. கறுப்புக் கார்டுக்காரிக்கு முன்வரிசை இல்லாமலா என்று நடுவில் போய் ஜம்மென்று உட்கார்ந்தேன். கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். பஸ்ஸில் அவருக்கு இடம் போடுவது அப்படித்தான், கை தானாகவே போய்விட்டது.

பின்னால் பேச்சு நின்றது. மேடையில் பாடிக்கொண்டிருந்தவள் குரல் ஒரு இழுப்பு இழுத்துத் தடுமாறி, பிறகு தொடர்ந்தது. திரும்பிப் பார்த்தால் நூறு பேர் என்னையே பார்க்கிறார்கள். ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்து என் கையைப் பிடித்து மெதுவாக எழுப்பினாள். நான் எழுந்த நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டு என்னவோ சொன்னாள். அதற்குள் குணா ஓடி வந்துவிட்டார்.

"அக்கா, முன்வரிசை அவங்களுக்கு. செத்தவங்க வந்து உக்காந்து பாக்குறதுக்கு. 'தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள், கோபித்துக்கொள்ளாதீர்கள்'னு உங்களுக்காக மன்னிப்புக் கேட்டாங்க."

வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அந்தப் பெண் இன்னும் நகரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த என் கைப்பையைக் காட்டி, அதைத் தொடாமல், குணாவிடம் ஏதோ கேட்டாள். குணா என்னைப் பார்த்தார். "பையை எடுக்கலாமான்னு கேக்குறாங்க. அந்த நாற்காலியில உங்களோட யாராவது வந்திருக்காங்களான்னு."

இல்லை என்று ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. நானே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் அந்த நாற்காலிக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

மறுநாள் குணா கேட்காமலேயே ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். செத்தவர்களுக்கு எரிக்கிற சாமான் விற்கிற கடை. எல்லாம் காகிதம். காகிதச் சட்டை, காகிதச் செருப்பு, காகித வீடு, போன், கார், விமானம். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் கிரெடிட் கார்டு. தங்க நிறம் ஒன்று, கறுப்பு ஒன்று. கறுப்புக் கார்டு அச்சு அசல் அவருடையது போலவே. மேலே இங்கிலீஷில் பேங்க் ஆஃப் ஹெல் என்று அடித்திருந்தது. நரகத்து வங்கி.

எனக்கு முன்னால் ஒரு ஆள் தன் அப்பாவுக்கு வாங்கிக்கொண்டிருந்தான். அவனும் கடைக்காரம்மாவும் பேசியதைக் குணா அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார்.

"கறுப்பா, தங்கமா?"

"எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை கார்டையே தொட்டதில்லை. இப்போது கொடுத்தால் உபயோகிக்கத் தெரியுமா?"

"போனையும் சேர்த்து அனுப்பு. யாரிடமாவது கேட்டுக்கொள்வார். கறுப்பே வாங்கு. வருஷக் கட்டணம் கிடையாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை அவர் கேட்டிருந்தால் வாங்காமல் விட்டிருக்க மாட்டார். அந்த ஆள் பணத்தைக் கொடுத்தான், அந்தம்மா சாமானைக் கொடுக்கவில்லை. மஞ்சள் உறை ஒன்றையும் பேனாவையும் நீட்டினாள். அவன் எழுதினான்.

"செத்தவங்க பேரும் செத்த தேதியும் எழுதணும்" என்றார் குணா. "எழுதாம எரிச்சா நடுவுல வேற யாராவது வாங்கிக்குவாங்களாம். உரியவங்களுக்குப் போய்ச் சேராதாம்."

நானும் ஒரு கறுப்புக் கார்டு கேட்டேன். உறையும் பேனாவும் என் முன்னால் வந்தன. பேனாவை வாங்கினேன். முதல் எழுத்துக்கூட ஓடவில்லை. ஊருக்குப் போய் எழுதிக்கொள்கிறேன் என்று கைகாட்டிவிட்டு அப்படியே பையில் போட்டேன். அந்தம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். நான் குணாவைப் பார்த்தேன்.

"என்னங்க கேக்கறாங்க?"

"அவர் இன்னும் போகலையான்னு கேக்குறாங்க அக்கா."

திரும்பும் நாள் பினாங்கு லவுஞ்சில் ஒரு கூத்து. கண்ணாடி போடாமல் பையில் கைவிட்டுக் கறுப்புக் கார்டை எடுத்து நீட்டினேன். வாங்க வந்த சீனப் பெண் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இரண்டு அடி பின்னால் போனாள். கார்டு மேஜையில் விழுந்தது. பார்த்தால் நரகத்து வங்கி. தப்பு, தப்பு என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு நிஜக் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதையும் தொடவில்லை. இரண்டும் ஒரே பையில் ஒட்டிக்கொண்டு கிடந்தவைதானே. வேறு ஒரு ஆள் வந்து தேய்த்து உள்ளே விட்டார். ஒரு ஆரஞ்சு ஜூஸ் மட்டும் குடித்தேன்.

ஊருக்குக் கூட்டிவரவும் செல்வராசுதான் வந்திருந்தார். "சாரு இந்தவாட்டியும் வரலீங்களா?"

"அங்கிருந்தே வண்டிக்குப் போயிட்டாருங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவ்வளவு தூரம் போய்வந்தும் இதே பாட்டுத்தான்.

நான் ஏறி உட்கார்ந்தேன். கார் நகர்ந்தது. கீங் கீங்.

செல்வராசு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நடுவால நாலு டிரிப்பு அடிச்சனுங்க்கா. பெல்ட்டைக் கழட்டித்தான் உட்டிருந்தன். ஒருக்காக்கூடக் கத்தல. உங்களுக்குத்தான் கத்துதுங்."

செல்வராசு இறங்கவில்லை. இந்தத் தடவை நானே கையை நீட்டிப் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். ஜலகண்டாபுரத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. சங்ககிரி மலை தெரியத் தொடங்கியதும் நாளை வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் உறையை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை எழுதிவிட்டது. சண்முகம். கீழே தை மாதத்துத் தேதி. எழுதியதைப் பார்க்க வேறு யாருடையதோ கல்யாணப் பத்திரிகை போல இருந்தது. காகிதக் கார்டை உள்ளே போட்டு, பின்கட்டில் அடுப்புக் கல்லின் மேல் வைத்துக் கொளுத்தினேன். மடமடவென்று எரிந்தது. போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? இதற்கெல்லாம் ரசீதா வரும்?

உச்சிப் பொழுதுக்கு அவர் போன் அடித்தது.

"மேடம், ரம்யா பேசுறேன். டிரிப் எப்படி இருந்துச்சு? சார் இருக்காங்களா?"

"வண்டிக்கு..." என்று வாய் தொடங்கிவிட்டது. நிறுத்தினேன். அடுப்புக் கல்லின் மேல் சாம்பல் இன்னும் கலையாமல் உறை வடிவத்திலேயே இருந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"சண்முகம் செத்துப்போயிட்டாருங்க" என்றேன். அந்தப் பெயரை நான் சொல்லி என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எப்ப மேடம்?" என்று கேட்டாள். தை மாதம் என்றேன். "நான் பேசுனப்பல்லாம்..." என்று இழுத்தாள். "பொய் சொன்னேன் சாமி. நீ எம்மேல கோவிச்சுக்காத" என்றேன். "பரவால்ல மேடம்" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை. பிறகு, சான்றிதழ் அனுப்ப வேண்டும், மிச்சப் பாயிண்ட் போய்விடும், துணைக் கார்டும் இனி ஓடாது, இரண்டையும் கத்தரித்துப் போட்டுவிடுங்கள் என்று மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். சரி சரி என்றேன்.

அந்தக் கார்டுக்குக் கொடுத்த காசு தகுமா என்று யாராவது என்னைக் கேட்டால், லவுஞ்ச் இட்லிக்குத் தகாது என்பேன். டீசல் போடுகிறவன் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. ஆனால் ஏழு மாதம் என் புருஷனை அது வண்டியிலேயே வைத்திருந்தது. அதற்கு எவ்வளவு கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன். இன்னும் ஒரு வருஷத்துக்கும் கொடுத்திருப்பேன், அந்தக் கடைக்காரம்மா மட்டும் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால்.

போனை வைத்துக் கால் மணி நேரம் இருக்கும். அவர் போனில் ஒரு செய்தி வந்தது.

"அன்புள்ள சண்முகம், உங்கள் கார்டு மூடப்பட்டது. எங்களோடு பயணம் செய்ததற்கு நன்றி."

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் சத்தம்தானா என்று எனக்கே சந்தேகம். சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஈரக் கையோடு சரசு ஓடி வந்து வாசற்படியில் நின்றாள்.

"என்னுங்க்கா? என்னாச்சுங்க்கா?"

"உங்கண்ணன் செத்துப்போயிட்டாரு சரசு."

தை மாதம் இதே வீட்டில் மூன்று நாள் சோறாக்கிப் போட்டவள் அவள். என்னக்கா உளறுகிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் முகத்தையும் தரையில் கிடந்த போனையும் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பங்க்கா?" என்றாள்.

"இப்பத்தான் சாமி."

"ஐயோ, எங்கண்ணா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சரசு ஒப்பாரியை எடுத்தாள். நானும் சேர்ந்துகொண்டேன்.